கோல்ஃப் கிரிப்பை மாற்றியதும் பந்து இடப்பக்கம் போகிறது, பழையபடி பிடிக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். வலது கை ஆட்டக்காரர். பள்ளி நாளிலிருந்து டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடியவர். எட்டு மாதமாகக் கோல்ஃப் பழகும் டிரைவிங் ரேஞ்சுக்குப் போகிறீர்கள். எந்தக் கிளப்பை (கோல்ஃப் மட்டையை) எடுத்தாலும் பந்து வலப்பக்கமாக வாழைப்பழம் மாதிரி வளைந்து போனது. மூன்று வாரத்துக்கு முன் கோச் உங்கள் கிரிப்பையும், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தையும், நிற்கும் விதத்தையும் மாற்றினார். இப்போது பந்து வளைவதில்லை, ஆனால் கிளம்பும்போதே இடப்பக்கம் கிளம்பி அப்படியே நேராகப் போய்விடுகிறது. பத்துக்கு மூன்று பந்து அதன் மேல்பாதியில் அடிபட்டுத் தரையோடு உருளுகிறது. "முன்னாடியாவது எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். பிடிப்பதிலும் நிற்பதிலும் இவ்வளவு இருக்கிறதா? பழையபடி பிடித்துவிடட்டுமா?" என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் ஒரு புது டிரைவரை, அதாவது வெகுதூரம் அடிக்கும் நீளக் கிளப்பைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பழையபடி பிடிக்காதீர்கள். வளைவு போய் நேராக இடப்பக்கம் போகிறது என்றால் கிரிப் சரியாகிவிட்டது என்று அர்த்தம். மிச்சமிருப்பது உங்கள் பழைய ஸ்விங், கிளப்பை வீசும் விதம்.

கணக்கு நோட்டில் இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கூட்டல் சரியாக வருவது உண்டல்லவா? ஒரு தப்பைத் திருத்தினால் அன்றைக்குத்தான் கணக்கு இடிக்கும். உங்கள் ஆட்டமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கிரிப்பில் கிளப்பின் முகம் (பந்தில் படும் தட்டையான பக்கம்) பந்தைத் தொடும்போது வலப்பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. பந்து வலப்பக்கமே போவதைப் பார்த்துப் பார்த்து, உங்களுக்கே தெரியாமல் உடம்பு ஒரு தந்திரம் கற்றுக்கொண்டது: கிளப்பை வெளியிலிருந்து உள்ளே, இடப்பக்கமாக இழுத்து அடிப்பது. பாதை இடப்பக்கமும் முகம் வலப்பக்கமும் பார்த்ததால்தான் பந்து வளைந்து வலப்பக்கம் விழுந்தது. இப்போது கோச் முகத்தைத் திருத்திவிட்டார். கை மட்டும் பழைய பாதையிலேயே இடப்பக்கம் வீசுகிறது. முகமும் பாதையும் ஒரே திசையைப் பார்ப்பதால் வளைவு இல்லை, நேராக இடப்பக்கம். கோல்ஃப் ஆடுபவர்கள் இதை 'புல்' என்பார்கள். வலப்பக்கம் வளையும் அந்தப் பழைய அடிக்குப் பேர் 'ஸ்லைஸ்'. ஸ்லைஸ் அடித்தவர் புல் அடிக்க ஆரம்பிப்பது பாதிக் கிணறு தாண்டியது போல. திரும்பிப் போகிற இடம் அது இல்லை.

முகம் எங்கே பார்க்கிறது என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் முகம் பார்த்த திசைதான் பந்து கிளம்பும் திசையை முக்கால் பங்குக்கு மேல் தீர்மானிக்கிறது. ஸ்விங் பாதைக்கு மிச்சம்தான். வெகுகாலம் கோல்ஃப் உலகம் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தது: பாதை கிளப்புகிறது, முகம் வளைக்கிறது என்று. ரேடார் வைத்து அளக்கும் கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பாடம் மாறியது. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் பழைய பாடத்தைத்தான் சொல்வார்கள், சண்டை போட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 200 கெஜ தூரத்தில் ஒரு டிகிரி பிசகு என்றால் மூன்றரை கெஜம் தள்ளிப்போகும். நடுத்தர தூரத்துக்கான 7-அயர்ன் கிளப்பில் 150 கெஜம் அடிக்கிறீர்கள், முகம் பார்த்த பக்கம் பந்து ஐந்து டிகிரி விலகிக் கிளம்புகிறது என்றால் 13 கெஜம் விலகல். வளைவு அதற்கு மேல். மேலிருந்து கீழே கிளப் வரும் டவுன்ஸ்விங் மொத்தமே கால் நொடிதான். அதற்குள் யோசித்து முகத்தைத் திருத்த மனிதனால் முடியாது. அதனால் அந்த வேலையை ஸ்விங் தொடங்குவதற்கு முன்பே, கையை வைக்கிற விதத்திலேயே முடித்துவிட வேண்டும்.

இப்போது எழுந்து நின்று ஒன்று செய்து பாருங்கள். இடது கையைத் தளரவிட்டுத் தொங்கவிடுங்கள். குனிந்து பார்த்தால் புறங்கையில் எத்தனை விரல் முட்டி தெரிகிறது? பெரும்பாலும் இரண்டு, சிலருக்கு இரண்டரை. அதுதான் உங்கள் கையின் சொந்த நிலை. வேகமாக வீசும்போது கை தானாக அந்த நிலைக்குத்தான் திரும்பி வரும், நாம் கேட்கவே வேண்டாம். அதனால் பிடிக்கும்போதே இரண்டு முட்டி தெரிகிற மாதிரி பிடித்தால், பந்தைத் தொடும்போது முகம் வைத்த இடத்துக்கே வந்து சேரும். நீங்கள் முன்பு கட்டைவிரலைக் கைப்பிடியின் உச்சியில் நேராக வைத்து, ஒரு முட்டிகூடச் சரியாகத் தெரியாத மாதிரி பிடித்திருப்பீர்கள். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள், பார்க்க 'நேராக' இருக்கும். வீசும்போது கை தன் சொந்த நிலைக்குத் திரும்புகிறது, திரும்பும்போது முகத்தையும் கூடவே திறந்துவிடுகிறது. உங்கள் எட்டு மாத ஸ்லைஸின் கதை இவ்வளவுதான்.

இப்படிப் பிடிப்பதை 'வீக்' கிரிப் என்பார்கள். மூன்று முட்டியோ அதற்கு மேலோ தெரிந்தால் 'ஸ்ட்ராங்'. இந்தப் பேர்களுக்கும் இறுக்கிப் பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் விஷயம். பேர் வைத்தவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். 'ஸ்ட்ராங்' என்று கேட்டதும் கைப்பிடியை நசுக்குகிறவர்களை ரேஞ்சில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, கைப்பிடி கையில் எங்கே உட்காருகிறது. உள்ளங்கையிலா, விரல்களிலா? வீட்டில் நீளமான குடை இருந்தால் எடுங்கள். உள்ளங்கை நடுவில் குறுக்காக வைத்து முஷ்டியாக மூடிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குடை கொஞ்சம்தான் அசையும். இப்போது சுண்டுவிரலின் அடியில் தொடங்கி ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை சாய்வாக, விரல்களிலேயே படும்படி வைத்து, உள்ளங்கையின் அடிமேட்டை அதன் மேலே மூடுங்கள். அதே மணிக்கட்டு, அதே குடை, ஆனால் முனை விசுக்கென்று எழும். பந்துக்குப் போகும் வேகத்தில் பெரும் பங்கு இந்த மடிப்பும் அதன் விடுபடலும் கொடுப்பது. உள்ளங்கையில் பிடித்தவர் அதைப் பூட்டிவைத்துவிட்டு, வேகத்துக்காகத் தோளால் முட்டிக்கொண்டிருப்பார். சரியாகப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. மற்ற விரல்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் கொக்கியாலும் அடிமேட்டாலும் மட்டும் கிளப்பைத் தூக்கிப் பிடியுங்கள். நின்றால் சரி. கீழே விழுந்தால் உள்ளங்கைக்குப் போய்விட்டது.

இது எனக்கு இரண்டு வருஷம் தெரியாது. இடது கை கிளவுஸில் சுண்டுவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டிய சதைமேட்டில், மாதம் ஒரு ஓட்டை விழும். தரமில்லாத சரக்கு என்று கடையை மாற்றினேன், விலையைக் கூட்டினேன், அதுவும் கிழிந்தது. ஒருநாள் மூன்றாவது ஹோலில், ஆடுபவரின் கிளப் பையைத் தூக்கிவரும் வயதான கேடி ஒருவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிளவுஸ் நல்லாத்தான் இருக்கு சார், உள்ள இருக்கிற கைதான் சரியில்ல" என்றார். கைப்பிடி உள்ளங்கையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்விங்கிலும் கொஞ்சம் நழுவித் தேய்க்கும். தேய்கிற இடம் அந்த மேடுதான். அன்றைக்கு மிச்ச ஹோல்கள் எல்லாம் கேவலமாக ஆடினேன், அது வேறு கதை. ஆனால் அதற்குப் பிறகு யாருடைய கிளவுஸைப் பார்த்தாலும் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகிறது.

வலது கையும் விரல்களில்தான். வலது உள்ளங்கையின் ஆயுள் ரேகை இடது கட்டைவிரலின் மேல் சரியாகப் படிந்தால் கை இடம் சேர்ந்துவிட்டது. இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் மடிப்புக் கோடு உங்கள் வலது தோளுக்கும் காதுக்கும் இடையில் எங்கோ பார்க்க வேண்டும். இரண்டு கோடும் ஒரே பக்கம் பார்ப்பது அவசியம். ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் என்றால் ஸ்விங் முழுக்க இரண்டு கையும் மல்லுக்கட்டும்.

சுண்டுவிரலை எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலின் மேல் ஏற்றிவைப்பது வார்டன் கிரிப். பிரிட்டிஷ் ஓப்பனை 1896 முதல் 1914 வரை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனால் பரவிய பேர் அது. அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தில் ஜானி லெய்ட்லே அப்படிப் பிடித்திருக்கிறார். இரண்டு விரலையும் பின்னிக்கொள்வது இன்டர்லாக், ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் பிடித்தது. பத்து விரலையும் கைப்பிடியிலேயே வைப்பது சிறுவர்களுக்கும் சின்னக் கை உள்ளவர்களுக்கும் வசதி. மூன்றில் எது சுகமோ அது. இதில் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. இணையத்தில் பழைய அமெரிக்கச் சாம்பியன் பென் ஹோகனின் கிரிப் படத்தைப் பார்த்தேன், அவர் இடது கையை உங்கள் கோச் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அவர் ஏன் அப்படி வைத்தார்? 1930களில் டெக்சாஸிலிருந்து வந்த ஹோகனுக்கு இருந்த நோய் உங்களுக்கு நேரெதிர். அவர் பந்து தாழ்வாகப் போய் இடப்பக்கம் சட்டென்று மடங்கும், ஹூக். தனி ஆளாக முதல் தொழில்முறைப் போட்டியை வெல்ல அவருக்கு 1940 வரை ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அவர் இடது கையை வீக் பக்கம் திருப்பி, கட்டைவிரலையும் கொஞ்சம் மேலே இழுத்துச் சுருக்கிக்கொண்டார். இனி எவ்வளவு வேகமாக வீசினாலும் முகம் சீக்கிரம் மூடாது. அதற்குப் பிறகுதான் நாம் அறிந்த ஹோகன். 1949 பிப்ரவரியில் பஸ் மோதிப் பிழைத்து, அடுத்த வருஷமே அமெரிக்க ஓப்பனை வென்றார். 1953-ல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், கார்னூஸ்டியில் பிரிட்டிஷ் ஓப்பன் என மூன்று மேஜர், அதாவது மிகப் பெரிய போட்டிகள்.

அவர் கிரிப் ஹூக்குக்கு எழுதிய மருந்து. ஸ்லைஸ் அடிக்கிறவர் அதை எடுத்துக்கொள்வது, ரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரையை விழுங்குவது மாதிரி. எதிர்ப்பக்கமும் உண்டு. டேவிட் டுவால் நன்றாக ஸ்ட்ராங்காகப் பிடித்து 2001-ல் பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். டஸ்டின் ஜான்சனும் அந்தப் பக்கம்தான். இவர்கள் எல்லாம் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உடம்பை வேகமாகத் திருப்புவதால்தான் பந்து இடப்பக்கம் மடங்காமல் போகிறது. கிரிப்பும் ஸ்விங்கும் கணவன் மனைவி மாதிரி, ஒருவரை மட்டும் தனியாக எடுத்து நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாது. உங்கள் கோச் உங்கள் பந்தைப் பார்த்துத்தான் உங்கள் கையைத் திருப்பியிருக்கிறார்.

எவ்வளவு இறுக்கம்? சின்னக் குழந்தையின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கும்போது எவ்வளவு பிடிப்பீர்கள், அவ்வளவு. குழந்தை நழுவக்கூடாது, அழவும் கூடாது. இறுக்கினால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு விடுபடத் தாமதமாகும், முகம் திறந்தே வரும், அப்புறம் பழையபடி வலப்பக்கம். நம் ஊர் வெயிலில் வியர்வைதான் இறுக்கத்துக்குப் பாதிக் காரணம். நழுவும் என்று பயந்து கை தானாக நசுக்குகிறது. இரண்டு கிளவுஸ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், துண்டு பையிலேயே தொங்கட்டும். கைப்பிடி ரப்பர் வழவழவென்று ஆகியிருந்தால் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேயுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரப்பரை மாற்றிவிடுங்கள்.

சரி, மேல்பாதியில் அடிபட்டு உருளும் பந்துகள். இதற்குக் காரணம் நிற்கும் விதம். நிச்சயமாகச் சொல்லலாம்.

கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டர், அதில் பாதி 21. நீங்கள் நிற்கும்போது இருந்த உயரத்தைவிட அடிக்கும்போது உடம்பு இரண்டு சென்டிமீட்டர் எழுந்தால், பந்தின் அடியில் போக வேண்டிய விளிம்பு அதன் இடுப்பில் போய் இடிக்கும். இரண்டு சென்டிமீட்டர் என்பது முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்தாலே வந்துவிடும். பார்க்கிறவர்கள் "தலையைத் தூக்கிட்டீங்க" என்பார்கள். தலை தூக்குவதில்லை. கீழே உள்ள உடம்பு எழும்போது தலையும் கூடவே போகிறது. உடம்பு ஏன் எழுகிறது? விழாமல் இருக்கத்தான். 'குனிந்து நில்லுங்கள்' என்று சொன்னால் நம்மில் பலர் கால்சட்டை பெல்ட் இருக்கிற இடத்தில் முதுகை வளைக்கிறோம். எடை கால்விரல்களுக்குப் போய்விடுகிறது. அந்த நிலையில் வேகமாகச் சுற்றினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். நம் உடம்பு அதற்கு விடாது, இடுப்பை முன்னே தள்ளி நிமிர்த்திக் காப்பாற்றிவிடுகிறது. ஆளைக் காப்பாற்றியது, பந்தை விட்டுவிட்டது.

மடங்க வேண்டிய இடம் இடுப்பெலும்பு தொடையோடு சேரும் மூட்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது: இரண்டு கையிலும் காய்கறிப் பை, ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? பின்பக்கத்தால் தள்ளி மூடுவீர்கள். முதுகு வளையாது, பின்பக்கம் பின்னே போகும், நெஞ்சு தானாக முன்னே சாயும். அவ்வளவுதான் கோல்ஃப் நிலை. அதற்குப் பிறகு முழங்காலைப் பூட்டாமல் லேசாகத் தளர்த்துங்கள். நாற்காலியில் உட்காரப் போகிறவர் மாதிரி மடக்கிவிட வேண்டாம். எடை ஷூ லேஸ் கட்டும் இடத்துக்கு நேர் கீழே இருக்கட்டும். பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்து, அக்குளிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விட்டதாக நினைத்துப் பாருங்கள். நூல் முழங்கால் சில்லைத் தொட்டு ஷூ லேஸ் பக்கம் விழ வேண்டும்.

முதுகு வளைந்தால் இன்னொரு நஷ்டம். இந்த வரியைப் படிக்கும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்து செய்து பார்க்கலாம். ஃபோன் பார்ப்பது மாதிரி தோளைக் கூனிக்கொண்டு, தோளை மட்டும் வலப்பக்கம் திருப்புங்கள். எவ்வளவு தூரம் போகிறது என்று சுவரில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது நெஞ்சை நிமிர்த்தி மறுபடி திருப்புங்கள். குறித்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்களா? கிளப்பைப் பின்னே தூக்கும் பேக்ஸ்விங்கில் தோள் திரும்பாதவர் கையால் மட்டும் கிளப்பைத் தூக்குவார். தூக்கியதைக் கையாலேயே கீழே வெட்டுவார். அது வெளியிலிருந்து உள்ளே வரும் பாதை, உங்கள் புல். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிற வேலை என்றால் இந்தக் கூனல் உங்களோடு ரேஞ்சுக்கும் வந்துவிடும். அதற்காக எதிர்ப்பக்கம் போய், பின்பக்கத்தைத் தூக்கி அடிமுதுகைப் பள்ளமாக வளைத்தும் நிற்காதீர்கள். ஸ்டைலாகத் தெரியும், வயிற்றுத் தசை வேலைநிறுத்தம் செய்துவிடும், சுமை எல்லாம் அடிமுதுகுக்கு. கோல்ஃப் ஆடுபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் அந்த வலிதான்.

பந்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதற்கு அளவு நாடா வேண்டாம். நின்றபின் வலது கையைக் கிளப்பிலிருந்து எடுத்துத் தொங்கவிடுங்கள். கைப்பிடிக்கு நேராகவே தொங்கினால் தூரம் சரி. தொடைப் பக்கம் பின்வாங்கினால் எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், பந்துக்குக் கிட்டே போங்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் குனிவு மாறும். கிட்டத்து அடிக்கான குட்டைக் கிளப் வெட்ஜ் 35 அங்குலத்தை ஒட்டியது, டிரைவர் 45. கிளப்பின் அடிப்பாகம் தரையில் சரியாகப் படியட்டும், அது உங்களை எவ்வளவு குனிய வைக்கிறதோ அவ்வளவு போதும்.

கிரிப்பையும் நிற்பதையும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே முடிச்சு. கைப்பிடியில் வலது கை இடது கைக்குக் கீழே இருக்கிறது, அப்படியானால் வலது தோளும் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும். வலது கையை மேலிருந்து கவிழ்த்து, உள்ளங்கையால் பிடிக்கிறவருக்கு வலது தோள் தாழாமல் முன்னே வந்துவிடும். பாதம் இலக்குக்கு நேராக இருக்கும், தோள் மட்டும் இடப்பக்கம் பார்க்கும். கை தோள் பார்க்கும் பக்கம்தான் வீசும். ஃபோனை உங்கள் வலப்பக்கத்தில், பந்துக்குப் பின்னால் இலக்கைப் பார்க்க வைத்துப் படம் எடுங்கள். வலது முன்கை இடது முன்கையை முழுக்க மறைத்தால் தோள் திறந்திருக்கிறது. இடது முன்கை அதற்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்துப் பார்த்தால் இதுதான் மிச்சமிருக்கும் தப்பு என்று நினைக்கிறேன். திருத்த வழி: இடது கையால் மட்டும் கிளப்பைப் பிடித்து நில்லுங்கள், வலது கை வலது தொடையின் மேல் இருக்கட்டும். அதைத் தொடையில் சறுக்கிக் கீழே இறக்கி, பக்கவாட்டிலிருந்து கைப்பிடியில் சேருங்கள். மேலே சுற்றி வந்து சேராதீர்கள். தோள் தானாகத் தாழும்.

இதில் கிரிக்கெட்டுக்கும் பங்கு உண்டு. மட்டையின் அகலம் அதிகபட்சம் 10.8 சென்டிமீட்டர், கோல்ஃப் குழியின் அகலமும் அதே 10.8. ஒற்றுமை அத்தோடு முடிந்தது. நேராக டிரைவ் ஆடும்போது முன் முழங்கையை உயர்த்தி, மட்டையின் முகத்தைப் பந்து போகும் கோட்டிலேயே எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் காட்டச் சொல்லித்தருவார்கள். கோல்ஃபில் அப்படிப் பிடித்து நிறுத்தினால் முகம் திறந்தே நிற்கும். இங்கே முகம் முதுகெலும்பைச் சுற்றிக் கதவு மாதிரி திறந்து மூட வேண்டும். கிரிக்கெட்டில் பந்தை நோக்கிக் காலெடுத்து வைத்துத் தலையைப் பந்தின் மேல் கொண்டுபோவோம், இங்கே நின்ற இடத்திலேயே சுற்றுவோம். இருபது வருஷப் பழக்கம் மூன்று வாரத்தில் போகாது. ஆனால் கிரிக்கெட்காரர்களுக்குக் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும், பிடித்துக்கொண்டால் வேகமாக முன்னேறுவார்கள்.

அடுத்த நான்கு வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். வீட்டில் டிவி பார்க்கும்போது கிளப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நாளில் இருபது முறை கையை முழுக்க எடுத்து, மறுபடி முதலிலிருந்து பிடியுங்கள். வீசக்கூட வேண்டாம். ரேஞ்சில் நூறு பந்துக் கூடை வாங்கி இயந்திரம் மாதிரி அடிப்பதை நிறுத்துங்கள். முப்பது பந்து போதும், பிட்சிங் வெட்ஜோ 9-அயர்னோ எடுத்து, இடுப்புயரத்திலிருந்து இடுப்புயரம் வரை அரை ஸ்விங். ஒவ்வொரு பந்துக்கும் கையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். ஒரே பிடியில் பத்து பந்து அடித்தால் பத்தாவதில் கை எங்கோ போயிருக்கும். ரேஞ்சில் விரித்திருக்கும் பச்சை விரிப்பை நம்பாதீர்கள். பந்துக்குப் பின்னால் தரையில் இடித்தாலும் கிளப் அதில் சறுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும், நமக்கு நல்ல அடி என்று தோன்றும். பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு சின்னத் துண்டை மடித்துப் போடுங்கள். துண்டு பறந்தால் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் சில பந்து மறுபடி வலப்பக்கம் போகலாம். அப்போது வளைகிறதா, நேராகப் போகிறதா என்று பாருங்கள். நேராகப் போனால் தோள் சரியாகத் தொடங்கிவிட்டது, பயப்பட வேண்டாம். வளைந்தால் கை பழைய இடத்துக்கு நழுவியிருக்கிறது, முட்டியை எண்ணுங்கள்.

அந்த டிரைவர் விஷயம். ஸ்லைஸைக் குறைக்கும் என்று கடைக்காரர் காட்டியது குதிகால் பக்கம் எடை கூட்டிய மாடலாக இருக்கும். அது முகம் சீக்கிரம் மூட உதவும், பந்தை இடப்பக்கம் சாய்க்கும். உங்கள் பந்து இப்போது ஏற்கெனவே இடப்பக்கம்தான் போகிறது. எட்டு மாதம் முன்பு வாங்கியிருந்தால் நோயை மறைத்திருக்கும், இப்போது வாங்கினால் பக்கத்து மைதானத்துக்குப் பந்து அனுப்பும். இருக்கிற டிரைவரையும் ஒரு மாதம் கார் டிக்கியிலேயே விடுங்கள். பையிலேயே நீளமான கிளப் அது, முகமும் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், சின்னப் பிசகையும் பெரிதாக்கிக் காட்டும். அந்தப் பணத்தில் இரண்டு கிளவுஸ் வாங்குங்கள். மாதக் கடைசியில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.